சிஎஸ்ஆர் நிதி: சட்டப் பிரிவு முதல் மூன்றாம் ஆண்டு மெம்பரேன் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

ராமநாதபுரம் மாவட்டத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளி. சத்துணவுக் கூடத்தை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை, உள்ளே உப்புத் தண்ணீரைக் குடிநீராக்கும் ஆர்ஓ பிளாண்ட். வாசலில் கறுப்பு கிரானைட் பலகை: பணம் கொடுத்த நிறுவனத்தின் பெயர், திறந்து வைத்தவர் பெயர், தேதி. திறப்பு விழாவில் கட்டிய ரிப்பனில் ஒரு துண்டு இன்னும் குழாயில் சுற்றியிருந்தது. குழாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. உப்பை வடிகட்டும் சவ்வான மெம்பரேனைத் தலைமையாசிரியர் கழற்றிக் காட்டினார். சுண்ணாம்பு பூசியது போல வெள்ளை வெள்ளையாக உப்பு. "மாத்தணும் சார். அந்தப் பணத்தை எங்க இருந்து எடுக்கறதுன்னுதான் தெரியல" என்றார். கொட்டகைக்குப் பின்னால் கழிவுநீர் விழுந்த இடத்தில் மண் வெளுத்துப் போயிருந்தது. அங்கே நட்ட வேப்பங்கன்று கருகி நின்றது. திறந்து பதினெட்டு மாதம்கூட ஆகவில்லை.

அந்த பிளாண்டை அங்கே வைத்தது எங்கள் டிரஸ்ட்தான். பணம் ஒரு நிறுவனத்தின் சிஎஸ்ஆர் நிதி, அதாவது லாபத்தில் ஒரு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிடும் நிறுவன சமூகப் பொறுப்பு நிதி. கணக்கில் ஒரு ரூபாய் குறை கிடையாது. பில் சரி, போட்டோ சரி, பயன்பாட்டுச் சான்றிதழ் சரி. பிள்ளைகள் மட்டும் மறுபடியும் வீட்டிலிருந்து பாட்டிலில் தண்ணீர் கொண்டுவர ஆரம்பித்திருந்தார்கள்.

அன்றிலிருந்து நான் கற்றுக்கொண்டதைப் படிப்படியாக இங்கே எழுதுகிறேன். சிறிய டிரஸ்ட் நடத்துகிறவர்கள், பள்ளியின் முன்னாள் மாணவர் குழுக்கள், ஊருக்கு ஏதாவது செய்யத் துடிக்கிற இளைஞர்கள், இவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். நிறுவனங்களில் சிஎஸ்ஆர் மேசையில் உட்கார்ந்திருப்பவர்களும் படித்தால் நல்லது.

படி 1: இது என்ன பணம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

நம் ஊரில் முதலாளி கொடுப்பது புதிதல்ல. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் வருவதற்கு அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார். அப்போது இரண்டு சதவீதம் கொடு என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அது கொடை. கொடுப்பவரின் மனசுதான் அதற்கு அளவு.

சிஎஸ்ஆர் அப்படி இல்லை. 2009-இல் மத்திய அரசு தன்னார்வ வழிகாட்டுதலாகச் சொல்லிப் பார்த்தது. பிறகு நிறுவனங்கள் சட்டம் 2013-இன் 135-ஆம் பிரிவில் அதை எழுதி, 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. முந்தைய நிதியாண்டில் ஒரு நிறுவனத்தின் நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி என்ற மூன்றில் ஏதேனும் ஒன்றைத் தொட்டால் போதும், இந்தப் பிரிவுக்குள் வந்துவிடும். கடந்த மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். லாபம் என்பது இங்கே வரிக்கு முந்தைய லாபம். அதைக் கணக்கிடும் முறையை 198-ஆம் பிரிவு சொல்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் பக்கத்து ஊர் ஸ்பின்னிங் மில்லின் லாபம் மூன்று ஆண்டுகளில் 4 கோடி, 6 கோடி, 8 கோடி என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசி ஆண்டில் 5 கோடியைத் தாண்டிவிட்டதால் சட்டம் பொருந்தும். சராசரி 6 கோடி, அதில் 2 சதவீதம் 12 லட்சம். அந்த மில் அந்த ஆண்டு செலவிட வேண்டிய மொத்தத் தொகையே அவ்வளவுதான். அவர்களிடம் போய் 40 லட்சத்துக்கு வகுப்பறைக் கட்டடம் கேட்டால், மரியாதையாகத் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். கணக்குப் போடாமல் போனதால் நான் அப்படிக் குடித்த தேநீர் நிறைய.

இந்தப் பணத்தைச் செலவிடாமலும், மிச்சத்தைச் சட்டம் சொல்லும் கணக்குக்கோ நிதிக்கோ மாற்றாமலும் விட்டால் நிறுவனத்துக்கு அபராதம் உண்டு. மாற்ற வேண்டிய தொகையைப் போல இரண்டு மடங்கு அல்லது ஒரு கோடி, இதில் எது குறைவோ அது. பொறுப்பான அதிகாரிக்கு அந்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கு அல்லது 2 லட்சம், எது குறைவோ அது. 2021 ஜனவரியிலிருந்து இந்த விதி அமலில் இருக்கிறது. ஆகவே கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. நல்ல வேலையைச் சுத்தமான கணக்கோடு செய்து தரக்கூடிய ஒருவர் அவர்களுக்குத் தேவை. ஊருக்குப் பணம் தேவை. சமமாக உட்கார்ந்து பேசுங்கள்.

படி 2: எதற்குத் தருவார்கள், எதற்கு மாட்டார்கள்

சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் பட்டியல் இருக்கிறது. பசி, வறுமை ஒழிப்பு, மருத்துவம், சுகாதாரம், குடிநீர், கல்வி, தொழிற்பயிற்சி, பெண்கள் முன்னேற்றம், முதியோர் இல்லம், சுற்றுச்சூழல், கால்நடை நலம், பொது நூலகம், மரபுக் கலைகள், கிராமப்புற விளையாட்டு, ஊரக வளர்ச்சி, பேரிடர் மேலாண்மை என்று அது விரிகிறது. நம் ஊர்த் தேவைகளில் பெரும்பாலானவை இதில் எங்காவது அடங்கிவிடும். நிதி கேட்டு எழுதும் புரபோசலின் முதல் பக்கத்திலேயே உங்கள் வேலை எந்த இனத்தில் வருகிறது என்று எண்ணோடு எழுதிவிடுங்கள். படிப்பவரின் பாதி வேலை குறையும்.

அடங்காதவையும் தெரிந்திருக்க வேண்டும். நிறுவனத்தின் வழக்கமான தொழில் சார்ந்த வேலை, அரசியல் கட்சிக்குக் கொடுப்பது, தன் ஊழியர்களுக்கு மட்டும் நன்மை செய்வது, விளம்பரத்துக்காக ஸ்பான்சர் செய்வது ஆகியவை சிஎஸ்ஆர் ஆகாது. கும்பாபிஷேகத்துக்குக் கேட்டு வருகிறவர்கள் பலர். அது பட்டியலில் இல்லை. வரலாற்று முக்கியத்துவம் உள்ள கட்டடத்தையோ இடத்தையோ புதுப்பிப்பது உண்டு.

விலக்குகளில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது ஒன்று: வேறு சட்டத்தின்படி செய்தே ஆக வேண்டியதை சிஎஸ்ஆர் கணக்கில் எழுதக் கூடாது. திருப்பூரில் சாயக் கழிவு நொய்யலில் கலந்ததால் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே போகாதபடி சுத்திகரிக்க வேண்டியது அந்தத் தொழிலின் சட்டக் கடமை. அதற்கு ஆன செலவைக் காட்டி ஊருக்கு நன்மை செய்தோம் என்று சொல்ல முடியாது. கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலை 2001-இல் பாதரசக் கழிவுப் பிரச்சினையில் மூடப்பட்டது. அங்கே வேலை பார்த்த 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் சமரசத்துக்கு வந்தது 2016-இல். பதினைந்து ஆண்டுகள். லாபத்தை எப்படிச் சம்பாதிக்கிறார்கள் என்பதுதான் பொறுப்பின் பெரிய பகுதி. சம்பாதித்ததில் இரண்டு சதவீதத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்பது அதற்கு அடுத்தது. சட்டம் அளந்து சொல்வது அந்த இரண்டாவதை மட்டும்தான்.

அதனால் எங்கள் டிரஸ்டில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். ஒரு நிறுவனத்தை அணுகுவதற்கு முன் அதன் தொழிற்சாலை வாசலுக்கு ஒருமுறை போவோம். டீக்கடையில் உட்கார்ந்து சம்பளம் எப்படி, தண்ணீர் எப்படி, வாடை வருகிறதா என்று கேட்போம். கிணறு கெட்டுப்போன ஊரில் அந்தக் கிணற்றைக் கெடுத்தவரின் பணத்தில் தண்ணீர்த் தொட்டி கட்டிக் கொடுத்தால், ஊர்க்காரர்கள் நம்மை எந்தப் பக்கத்து ஆள் என்று நினைப்பார்கள்? இதற்கு எல்லோரும் ஒரே பதில் சொல்ல வேண்டியதில்லை. கேள்வியைப் பணம் வாங்குவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும் என்பதுதான் என் பிடிவாதம்.

படி 3: உங்கள் காகிதங்களைச் சரிசெய்யுங்கள்

இதைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். உங்களிடம் இருக்க வேண்டியவை: டிரஸ்ட் பத்திரம் அல்லது சங்கப் பதிவுச் சான்றிதழ், அமைப்பின் பெயரில் பான் கார்டு, வருமான வரித் துறையின் 12ஏ (டிரஸ்டின் வருமானத்துக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடை தருபவருக்கு வரிச்சலுகை) பதிவுகள், மூன்று ஆண்டு ஆடிட் செய்த கணக்கு, தொண்டு அமைப்புகளுக்கான நிதி ஆயோக்கின் தர்ப்பண் தளத்தில் பதிவு. கடைசியானதைப் பல நிறுவனங்கள் கேட்கின்றன.

இவற்றோடு சிஎஸ்ஆர்-1 படிவம். 2021 ஏப்ரல் 1 முதல், நிறுவனத்தின் சிஎஸ்ஆர் பணியை எடுத்துச் செய்யும் ஒவ்வோர் அமைப்பும் கம்பெனி விவகார அமைச்சகத்திடம் இந்தப் படிவம் மூலம் பதிவுசெய்து தனி எண் வாங்க வேண்டும். படிவத்தை ஒரு பட்டயக் கணக்காளரோ கம்பெனி செக்ரட்டரியோ காஸ்ட் அக்கவுண்டண்ட்டோ டிஜிட்டல் கையெழுத்திட்டுச் சரிபார்த்துத் தர வேண்டும். உங்கள் ஆடிட்டரிடம் சொன்னால் செய்துவிடுவார். 12ஏ, 80ஜி சான்றிதழ்களுக்குக் காலாவதித் தேதி உண்டு. அதை நாட்காட்டியில் சிவப்பு மையில் குறித்து வையுங்கள். கையெழுத்துக்கு வந்த ஒப்பந்தம் காலாவதியான 80ஜியால் நின்றுபோனதைப் பார்த்திருக்கிறேன்.

வெளி அமைப்புகளுக்கு மூன்று ஆண்டு அனுபவம் வேண்டும் என்று விதி சொல்கிறது. உங்கள் டிரஸ்ட் போன வருடம்தான் ஆரம்பித்தது என்றால் மனம் தளர வேண்டாம். அனுபவமுள்ள ஒரு டிரஸ்டோடு சேர்ந்து போகலாம். நிறுவனமே நேரடியாகப் பொருள் வாங்கி, ஆள் வைத்து வேலையை முடித்தால் உங்களுக்கு சிஎஸ்ஆர் எண்ணே தேவையில்லை. ஊரில் கூட இருந்து வேலையைப் பார்த்துக்கொள்கிறவர்களாக நீங்கள் இருக்கலாம். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்கு 2022 டிசம்பர் 19 அன்று தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் இன்னொரு வழி. பள்ளியின் தேவையை அதன் மூலம் நிறுவனங்களுக்கும் முன்னாள் மாணவர்களுக்கும் கொண்டுபோகலாம். எந்த வழியில் போனாலும் பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானம் கையில் இருக்கட்டும். அந்தக் குழுவில் பெற்றோர்கள் இருக்கிறார்கள், தேவையை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

படி 4: யாரிடம் போவது

எல்லா நிறுவனத்துக்கும் ஒரே கடிதத்தை அனுப்புவது வீண். முதலில் மத்திய அரசின் தேசிய சிஎஸ்ஆர் தளத்துக்குப் போய் உங்கள் மாவட்டத்தில் எந்த நிறுவனம், எந்த ஆண்டில், எதற்குச் செலவிட்டது என்று பாருங்கள். நாடு முழுக்க 2021-22-இல் மட்டும் 26 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் செலவாகியிருக்கிறது. மகாராஷ்டிரம்தான் வழக்கமாக முதலிடம்.

தான் இயங்கும் பகுதிக்கும் அதைச் சுற்றியுள்ள ஊர்களுக்கும் நிறுவனம் முன்னுரிமை தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இது பரிந்துரைதான், கட்டாயமல்ல என்று அமைச்சகமே விளக்கியிருக்கிறது. ஆனாலும் பெரும்பாலான நிறுவனங்கள் ஆலையைச் சுற்றித்தான் செலவிடும். ஒரகடத்துக்கும் ஓசூருக்கும் பணம் போகிறது, தொழிற்சாலை இல்லாத ஊருக்குப் போவதில்லை. வறண்ட மாவட்டத்தில் வேலை செய்கிற எங்களுக்கு இது தீராத மனக்குறை. இதில் ஒரு சாவி உண்டு: ராமநாதபுரமும் விருதுநகரும் வளர்ச்சியில் பின்தங்கியவை என்று மத்திய அரசு தேர்ந்தெடுத்த 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' பட்டியலில் இருக்கின்றன. பொதுத்துறை நிறுவனங்கள் இத்தகைய மாவட்டங்களுக்கு முன்னுரிமை தருகின்றன. தனியார் நிறுவனங்கள் சிலவும் தங்கள் சிஎஸ்ஆர் கொள்கையில் அப்படி எழுதி வைத்திருக்கின்றன. கொள்கையை நிறுவனத்தின் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்பது விதி. அதைப் படித்துவிட்டு, அவர்களுடைய சொற்களிலேயே பேசுங்கள்.

யார் முடிவெடுப்பார் என்பதும் தொகையைப் பொறுத்தது. கட்டாயத் தொகை 50 லட்சத்துக்குள் இருந்தால் தனி சிஎஸ்ஆர் குழு வேண்டியதில்லை, இயக்குநர் குழுவே பார்த்துக்கொள்ளலாம். அப்படிப்பட்ட இடத்தில் பெரும்பாலும் முதலாளியையோ அவர் நம்புகிற மேலாளரையோ நேரில் பார்த்துப் பேசினால் வேலை நடக்கும். ஐம்பது பக்க பிரசென்டேஷன் அவருக்கு வேண்டாம். பெரிய நிறுவனத்தில் குழு, அதற்குக் கீழே தனித் துறை, சில இடங்களில் நிறுவனமே தொடங்கிய அறக்கட்டளை என்று அடுக்கு இருக்கும். சிறிய டிரஸ்டுகள் பெரிய பெயர்களையே துரத்துவதைப் பார்க்கிறேன். 12 லட்சம், 20 லட்சம் செலவிட வேண்டிய நடுத்தர ஆலைகள் நல்ல ஆள் கிடைக்காமல் ஆண்டுக் கடைசியில் தவிக்கின்றன. முதல் கதவு அங்கேதான் திறக்கும்.

படி 5: எப்போது போவது

நிதியாண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை. ஆண்டுச் செயல்திட்டத்தை சிஎஸ்ஆர் குழு தயாரித்து போர்டுக்குப் பரிந்துரைக்கும். ஆகவே அடுத்த ஆண்டுக்கான பேச்சை ஜனவரி, பிப்ரவரியிலேயே ஆரம்பித்துவிட வேண்டும். பட்டியல் முடிந்த பிறகு போனால், எவ்வளவு நல்ல வேலையாக இருந்தாலும் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்பார்கள்.

மார்ச் பணத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். செலவாகாமல் மிஞ்சிய தொகையை எடுத்துக்கொண்டு மார்ச் இரண்டாம் வாரத்தில் போன் வரும். ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் நிறுவனம் உங்கள் கணக்கில் பணம் போட்டதையே செலவாகக் காட்ட முடியாது. நீங்கள் அதை முழுதாகப் பயன்படுத்தினால்தான் செலவு என்று அமைச்சகம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

ஒரு வருடம் மாணவிகளுக்கான கழிப்பறை வேலை பாதியில் இருந்தது. சுவர் எழும்பியிருந்தது, கூரை போடவில்லை. மார்ச் 26-ஆம் தேதி நிறுவனத்திலிருந்து ஒருவர் பேசினார். "மொத்தத் தொகைக்கும் 31-ஆம் தேதி போட்டு பில் குடுத்துடுங்க, வேலையை ஏப்ரல்ல முடிச்சுக்கலாம்" என்றார். கெட்ட மனிதர் இல்லை, மேலே இருந்து அவருக்கு நெருக்கடி. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் ஆடிட்டரைக் கூட்டிக்கொண்டு நேரில் போனோம். ஒரு வருடத்துக்குள் முடியும் என்று நினைத்த திட்டத்தையும், நியாயமான காரணத்தோடு போர்டு நீட்டித்தால், தொடர் திட்டமாக வைத்துக்கொள்ளச் சட்டத்தில் இடம் இருக்கிறது. மீதிப் பணத்தை ஏப்ரல் 30-க்குள் தனியான செலவிடப்படாத சிஎஸ்ஆர் கணக்குக்கு மாற்றி, மூன்று நிதியாண்டுக்குள் செலவிடலாம். இதை விளக்கிச் சொன்னதும் அவர் முகத்தில் வந்த நிம்மதி இன்னும் நினைவிருக்கிறது. போர்டு தீர்மானம் போட்டது. ஜூனில் பள்ளி திறந்தபோது கழிப்பறையில் கூரையும் இருந்தது, தண்ணீரும் வந்தது.

பொய்த் தேதி போட்ட பில் ஒன்றே ஒன்று போதும், இருபது வருட நல்ல பெயர் போய்விடும். யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். தொடர் திட்டமாக இல்லாத வேலையின் மிச்சப் பணத்தை, நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் அட்டவணையில் சொன்ன அரசு நிதி ஒன்றுக்கு அனுப்பிவிடலாம். நிறுவனத்துக்கு நேர்மையான வழிகள் எப்போதும் இருக்கின்றன. அவற்றை எடுத்துச் சொல்லும் அளவுக்கு நாம் சட்டம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

படி 6: புரபோசல்

இரண்டு பக்கம் போதும். மூன்றாவது பக்கத்தில் பட்ஜெட். "எங்கள் பகுதி மிகவும் பின்தங்கிய பகுதி, மாணவ மாணவியர் பெரிதும் சிரமப்படுகிறார்கள்" என்று ஆரம்பிக்கும் கடிதங்கள் அந்த மேசையில் நூறு கிடக்கும். அதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

"இந்தப் பள்ளியில் 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை 94 மாணவிகள் படிக்கிறார்கள். கதவோடு இருக்கும் கழிப்பறை 2. இரண்டிலும் தண்ணீர் இணைப்பு இல்லை. ஒரு வாரம் மாலை நேரத்தில் எண்ணியபோது, மதியத்துக்கு மேல் வீட்டுக்குப் போன மாணவிகள் நாளொன்றுக்கு 7 முதல் 11 பேர்."

இதில் ஒரு உருக்கமான சொல்கூட இல்லை. ஆனால் வீட்டில் பெண் குழந்தை இருக்கிற எவரும் இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க மாட்டார். எண்ணிக்கையை நீங்களே நின்று எண்ணுங்கள். எண்ணும்போதே பாதிப் பிரச்சினை வேறு மாதிரி தெரிய ஆரம்பிக்கும். நாங்கள் புதிய கழிப்பறை கேட்கப் போன ஒரு பள்ளியில், ஏற்கெனவே இருந்த நான்கும் நன்றாகவே இருந்தன. மோட்டார் எரிந்து போயிருந்தது, அவ்வளவுதான். கேட்க வேண்டியிருந்தது ஒரு மோட்டாரும் துப்புரவுப் பணியாளரின் சம்பளமும்.

தண்ணீர் என்றால் அளந்து எழுதுங்கள். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒரு பேனா அளவுதான், விலையும் கொஞ்சம்தான். குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. உங்கள் போர் தண்ணீர் 900 என்றால் ஆர்ஓ தேவையா என்று யோசிக்க வேண்டும். மழைநீரைச் சேமித்து வடிகட்டிக் கலந்தாலே போதும் என்ற ஊர்களும் உண்டு. 2,500 என்றால் ஆர்ஓ வேண்டும். ஆனால் உள்ளே போகும் தண்ணீரில் பெரும்பகுதி உப்போடு வெளியே தள்ளப்படும். அது எங்கே போகும் என்று புரபோசலிலேயே படம் போட்டுக் காட்டுங்கள். நாங்கள் இப்போது அதைக் கழிப்பறைத் தொட்டிக்குத் திருப்பி விடுகிறோம்.

பட்ஜெட்டில் ஒவ்வொரு வரிக்கும் கொட்டேஷன் வையுங்கள். உங்கள் பணியாளர் சம்பளத்தையும் பயணச் செலவையும் மறைக்காமல் திட்டச் செலவாக எழுதுங்கள். 5 சதவீத நிர்வாகச் செலவு வரம்பைச் சொல்லி அதை வெட்டப் பார்ப்பவர்கள் உண்டு. அந்த வரம்பு நிறுவனம் தன் சிஎஸ்ஆர் வேலையை நிர்வகிக்க ஆகும் பொதுச் செலவுக்கு. கிராமத்தில் தினமும் நின்று வேலை பார்க்கும் பெண்ணின் சம்பளம் அந்தத் திட்டத்தின் உயிர். அவளுக்குச் சம்பளம் கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

அடுத்து, நாங்கள் முதல் முறை விட்டுவிட்ட வரி: பராமரிப்பு. மெம்பரேன் எப்போது மாற்ற வேண்டும், விலை என்ன, கரண்ட் பில் யார் பெயரில், பழுது பார்க்கும் ஆள் எந்த ஊரில் இருக்கிறார், அவருடைய வருடாந்தர ஒப்பந்தத் தொகை எவ்வளவு? மூன்று வருடத்துக்கு இதைச் சேர்த்துக் கேளுங்கள். பொருளைக் குறைத்துக்கொண்டாவது கேளுங்கள். கொடுக்க மறுத்தால் அந்த பிளாண்டையே மறுத்துவிடலாம் என்பது என் கருத்து. ஓடாத இயந்திரம் ஊரின் நம்பிக்கையையும் சேர்த்துக் கெடுக்கிறது. அடுத்து நல்ல திட்டத்தோடு வருகிறவரையும் ஊர் சந்தேகமாகத்தான் பார்க்கும்.

படி 7: ஒப்பந்தமும் கணக்கும்

புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் தவணை தேதிகள், சொத்து யாருக்குச் சொந்தம், பலகையில் என்ன எழுதுவது, நடுவில் நிறுத்தினால் என்ன ஆகும் என்பவை இருக்க வேண்டும். சிஎஸ்ஆர் பணத்தில் உருவாகும் நிலையான சொத்தை நிறுவனம் தன் பெயரில் வைத்துக்கொள்ள முடியாது. பதிவுபெற்ற பொதுநல அமைப்பு, பயனாளிகளின் சுயஉதவிக் குழு போன்ற கூட்டமைப்பு, அரசு அமைப்பு, இவற்றில் ஒன்றிடம்தான் இருக்க வேண்டும். மகளிர் குழு என்ற அந்த வாய்ப்பைப் பலர் கவனிப்பதே இல்லை.

பணத்துக்குத் தனி லெட்ஜர், முடிந்தால் தனி வங்கிக் கணக்கு. தொகை சொன்ன வேலைக்குத்தான் போனது என்று நிறுவனத்தின் தலைமை நிதி அதிகாரி சான்றளிக்க வேண்டியிருக்கிறது. அவர் கையெழுத்து உங்கள் பில்லின் மேல்தான் நிற்கிறது. மாதா மாதம் பில்லை ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டால், மார்ச்சில் இருவருக்கும் தலைவலி இல்லை.

சராசரியாக ஆண்டுக்கு 10 கோடியோ அதற்கு மேலோ சிஎஸ்ஆர் கடமை உள்ள நிறுவனம், ஒரு கோடிக்குக் குறையாத திட்டங்களை, அவை முடிந்து ஓராண்டு கழித்துத் தனி அமைப்பைக் கொண்டு தாக்க மதிப்பீடு, அதாவது உண்மையில் என்ன பலன் கிடைத்தது என்ற ஆய்வு, செய்ய வேண்டும். சிறிய திட்டங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதனால்தான் எங்கள் காய்ந்த குழாயை யாரும் வந்து பார்க்கவில்லை.

விழாவைப் பற்றி ஒரு வேண்டுகோள். பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்தாதீர்கள். சிறப்பு விருந்தினர் இரண்டு மணி நேரம் தாமதமாக வந்த ஒரு திறப்பு விழாவில், வரவேற்பு நடனத்துக்காகப் பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு காத்திருந்த ஒரு சிறுமி மயங்கி விழுந்தாள். அவளைத் தூக்கிக்கொண்டு நிழலுக்கு ஓடினேன். அன்று முதல் எங்கள் ஒப்பந்தத்தில், விழா பள்ளி நேரத்தில் அரை மணிக்கு மேல் போகாது, மாணவர்கள் உள்ளே வகுப்பறையில்தான் உட்கார்ந்திருப்பார்கள் என்று ஒரு வரி சேர்த்திருக்கிறோம். இதுவரை எந்த நிறுவனமும் மறுத்ததில்லை. குழந்தைகளின் முகம் தெரியும் படத்தைப் பெற்றோரின் சம்மதமில்லாமல் அனுப்புவதும் இல்லை.

படி 8: திரும்பிப் போகும் தேதி

ஒப்பந்தம் கையெழுத்தாகும் அன்றே டைரியில் நான்கு தேதிகளை எழுதிவிடுகிறோம்: முடிந்து மூன்று மாதம், ஒரு வருடம், இரண்டு வருடம், மூன்று வருடம். அந்த நாட்களில் முன்னறிவிப்பு இல்லாமல் போய்ப் பார்க்க வேண்டும். பஸ் செலவுக்கு அப்போது எந்த நிறுவனமும் பணம் தராது. அதையும் ஆரம்ப பட்ஜெட்டிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள்.

முதல் பள்ளிக்குப் பக்கத்து ஊரில் இரண்டாவது பிளாண்ட் வைத்தபோது, பொறுப்பை ஊரின் மகளிர் குழுவிடம் கொடுத்தோம். பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசம், ஊர்க்காரர்களுக்கு ஒரு குடம் ஐந்து ரூபாய். அந்தப் பணம் குழுவின் பெயரில் தனி பாஸ்புக்கில் போகும், மெம்பரேனுக்கும் கரண்டுக்கும் தவிர வேறெதற்கும் எடுக்கக் கூடாது என்று அவர்களே தீர்மானம் எழுதினார்கள். மூன்றாம் வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை போனேன். கொட்டகைக் கதவில் சணலில் கட்டித் தொங்கும் நாற்பது பக்க நோட்டு. அதில் தினமும் காலையில் எடுத்த டிடிஎஸ் அளவு, பக்கத்தில் எடுத்தவரின் கையெழுத்து. ஒரு இடத்தில் 140, 150 என்று போய்க்கொண்டிருந்த எண் 420-க்கு ஏறியிருந்தது. அடுத்த வரியில் "மெம்பரேன் மாத்தியாச்சு" என்று எழுதி, கீழே 130. பில் அந்தப் பக்கத்திலேயே பின் அடித்து இருந்தது. குழுத் தலைவி அக்கா அப்போது வயலில் இருந்தார். யாரோ போய்ச் சொல்ல, சேற்றுக் காலோடு வந்து, "என்ன தம்பி, நோட்ட பாத்தீங்களா, ஒரு நாளும் விடல" என்றார்.